மறந்த பெயர் திரும்பி வந்தது!

பெற்ற மகளைப் பார்த்து, "நீ யாரம்மா?" என்று கேட்கிறாள் தாய். ஆண்டுக்கணக்காக இதே கேள்விதான். திடீரென்று ஒருநாள் காலை மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். "சாப்பிட்டாயா?" என்கிறாள்!

இப்படி நடக்குமா? நடக்கும். மறதி நோய் முற்றியவர்களுக்கும் சில சமயம் புத்தி தெளிகிறது. சில நிமிடம், அல்லது சில மணி நேரம். பிறகு மறுபடியும் இருள்.

மேடையில் நடந்தது

அமெரிக்கப் பாடகர் டோனி பென்னட்டுக்கு 2016-ம் ஆண்டில் அல்சைமர் என்ற மறதி நோய் கண்டது. 2021 ஆகஸ்டு மாதம் நியூயார்க்கில் அவருடைய கச்சேரி நடந்தது. அப்போது அவருக்கு வயது 95. கூடப் பாடியவர் லேடி காகா என்ற பாடகி. அந்தப் பெண்ணின் பெயர் நெடுநாளாகவே கிழவர் வாயில் வரவில்லை. அன்று அவள் மேடைக்கு வந்ததும், "லேடி காகா!" என்று உரக்கச் சொன்னார். மனதை அடக்கிக்கொண்டுதான் பாட முடிந்தது என்று அவள் பிறகு சொன்னாள்.

இந்த நோய் முதலில் விழுங்குவது நேற்றைய நினைவை. சின்ன வயதில் படித்தது நெடுநாள் ஒட்டிக்கொண்டிருக்கும். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் 1-ந் தேதி முடிந்தது. அன்று பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவர்களுக்கு இன்று 80-க்கு மேல். பேச்சு நின்றுபோன தாத்தா ஒருவர் திடீரென்று பிரெஞ்சில் ஒன்று, இரண்டு எண்ணினால், பிதற்றல் என்று தள்ளிவிடாதீர்கள். அவர் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்!

நோய் தீர்ந்ததா?

இங்கேதான் வீட்டார் ஏமாந்து போகிறார்கள். தெளிவு வந்தால் நோய் போய்விட்டது என்று அர்த்தம் அல்ல. மருந்தை நிறுத்தக் கூடாது. டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

ஜெர்மன் ஆராய்ச்சியாளர் மைக்கேல் நாம், சாவுக்கு முன் வரும் தெளிவுக்கு 2009-ல் தனிப் பெயரே சூட்டினார். அவர் திரட்டிய நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவை கடைசி ஒரு வாரத்தில் நடந்தவை. அணையும் விளக்கு சுடர்விடும் என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அதுதான். ஆனால் எல்லாத் தெளிவும் சாவின் அறிகுறி அல்ல. பென்னட் அதற்குப் பிறகும் ஏறக்குறைய இரண்டு ஆண்டு வாழ்ந்து, 2023-ல்தான் காலமானார்.

அந்த நேரத்தில் என்ன செய்வது? "நான் யார், சொல் பார்ப்போம்" என்று பரீட்சை வைக்காதீர்கள். கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். வெளியூர்ப் பிள்ளையை உடனே போனில் கூப்பிடுங்கள். (சொத்துப் பத்திரத்தை நீட்டவேண்டாம்!)

"இதுக்கு என்ன தெரியப் போகிறது" என்று கட்டில் அருகே நின்றே ஆஸ்பத்திரிச் செலவுக்குச் சண்டை போடுகிறவர்கள் உண்டு. கிழவி கேட்டுக்கொண்டிருக்கலாம்.