காணாமல் போனவர்களின் உருவம்



சுவரில் ஏதாவது வரைந்தால் நமக்குத் திட்டுதான் விழும். ஆனால் ஒரு ஊரில் அம்மாக்கள் சுவரெல்லாம் படம் ஒட்டி அரசாங்கத்தையே கேள்வி கேட்டார்கள். அது எப்படி? படியுங்கள்.

தென் அமெரிக்காவில் உள்ள நாடு அர்ஜென்டினா. 1976-இல் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. எதிர்த்துப் பேசியவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மாணவர்கள், தொழிலாளர்கள், கர்ப்பிணிப் பெண்கள்கூடத் தப்பவில்லை. "எங்க பிள்ளை எங்கே?" என்று பெற்றவர்கள் கேட்டால் பதில் கிடையாது. இப்படிக் காணாமல் போனவர்கள் சுமார் 30,000 பேர் என்று மனித உரிமை அமைப்புகள் சொல்கின்றன.

1977 ஏப்ரல் 30-இல், தலைநகர் புவனோஸ் அயர்ஸின் மே சதுக்கத்தில் 14 அம்மாக்கள் கூடினார்கள். கும்பலாக நிற்கக் கூடாது, நடங்க என்றது போலீஸ். சரி என்று சதுக்கத்தைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார்கள்! பிறகு தலையில் வெள்ளைத் துணி கட்டி, வியாழக்கிழமைதோறும் நடந்தார்கள்.

1983 செப்டம்பர் 21. அங்கே அது மாணவர் தினம். ராணுவ ஆட்சி இன்னும் முடியவில்லை. மூன்று ஓவியர்கள் ஒரு யோசனை சொன்னார்கள். அதன்படி சதுக்கத்துக்கு வந்த ஜனங்கள் பெரிய தாளில் படுத்தார்கள். உடம்பைச் சுற்றிக் கோடு போட்டார்கள். அந்த ஆளுயர உருவங்களைச் சுவர்களிலும் மரங்களிலும் ஒட்டினார்கள். தரையில் ஒட்ட வேண்டாம் என்று அம்மாக்கள் சொல்லிவிட்டார்கள். ஏன் தெரியுமா? படுத்துக் கிடந்தால் செத்தவர் மாதிரி தெரியும். அவர்கள் கேட்டதோ பிள்ளைகளை உயிரோடு!

30,000 என்பதை எண்ணாகப் படித்தால் கணக்குப் பாடம் மாதிரி கடந்து போயிடுவோம். ஆளுயரத்தில் எதிரே நின்றால் கடக்க முடியாது. இதுதான் தெருக்கலையின் பலம்.

அதே வருஷம் தேர்தல் நடந்து, டிசம்பர் 10-இல் மக்களாட்சி வந்தது. 1985-இல் ராணுவத் தலைவர்கள் சிலருக்கு நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது. ஆனால் பலர் என்ன ஆனார்கள் என்பது இன்றும் தெரியவில்லை.

பழைய காலண்டர் தாள்களை ஒட்டி, என் தங்கச்சியைப் படுக்க வைத்து நானும் வரைந்து பார்த்தேன். அவள் எழுந்து போனதும் கோட்டுக்கு உள்ளே வெறும் இடம். அவள் பக்கத்திலேயே சிரிச்சுக்கிட்டுதான் நின்னா. ஆனாலும் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. அந்த அம்மாக்களுக்கு எப்படி இருந்திருக்கும்? நீங்களே யோசிச்சுப் பாருங்க.

— ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி