முதலில் மானிட்டர், மற்றதெல்லாம் அப்புறம்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேமிங் கம்ப்யூட்டருக்குக் கொட்டேஷன் கேட்டு வருகிறவர்கள், கிராபிக்ஸ் கார்டின் பெயரைச் சொல்லிக்கொண்டேதான் என் கடைப் படியேறுவார்கள். நான் திருப்பி இரண்டு கேள்வி கேட்பேன். என்ன மானிட்டர்? என்ன கேம்? இதற்குப் பதில் வராமல் பேப்பரில் ஒரு வரிகூட எழுத மாட்டேன்.

அண்மையில் ஒரு கல்லூரி மாணவர் அப்பாவோடு வந்தார்.

“அண்ணே, 5090 போட்டுடலாம். அப்பா ஓகே சொல்லிட்டாங்க.”

“மானிட்டர் என்ன தம்பி?”

“வீட்ல இருக்குண்ணே. 24 இஞ்ச், ஃபுல் எச்டி, 60 ஹெர்ட்ஸ்.”

அந்த மானிட்டர் நொடிக்கு 60 படம்தான் காட்டும். கார்டு 300 படம் வரைந்து தள்ளினாலும் பெரும்பகுதி வீண்தான். ஃபுல் எச்டி திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள் உண்டு. 1440பி என்றால் 36.9 லட்சம். 4கே என்றால் 82.9 லட்சம், அதாவது ஃபுல் எச்டியைப் போல நான்கு மடங்கு. ஆர்டிஎக்ஸ் 5090 அந்த 4கே திரைக்காகச் செய்த கார்டு.

பிராசஸர், கார்டு இரண்டின் வேலையையும் கோலத்தை வைத்துத்தான் புரியவைப்பேன். புள்ளி வைப்பது பிராசஸர்: எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எந்தப் பக்கம் போகிறது என்று கணக்குப் போட்டுக் கொடுக்கும். இழை இழுத்து வண்ணம் நிரப்புவது கார்டு. திரை பெரிதானால் வண்ணம் நிரப்பும் வேலைதான் கூடும். புள்ளி வைக்கும் வேலை அநேகமாக அப்படியேதான் இருக்கும். அதனால் 4கே-யில் சைபர்பங்க் 2077 ஆடுகிறவர் காசைக் கார்டில் போட வேண்டும். ஃபுல் எச்டியில், 360 ஹெர்ட்ஸ் மானிட்டரில் வேலரன்ட் ஆடுகிறவருக்கு ஒவ்வொரு படத்துக்கும் கிடைப்பது 2.8 மில்லிசெகண்டுதான். அவருக்குக் காசு போக வேண்டிய இடம் பிராசஸர்.

கேமுக்கு மட்டும் என்றால் நான் எழுதுவது ரைசன் 7 9800எக்ஸ்3டி. 2024 நவம்பரில் வந்தது. எட்டு கோர்தான். ஆனால் அதன் எல்3 கேஷ் 96 எம்பி. சாதாரண 9700எக்ஸில் அது 32 எம்பி. அடிக்கடி தேவைப்படும் தகவலுக்காக ராம் வரை ஓட வேண்டியதில்லை என்பதால் ஃபிரேம் தடுமாறாமல் வரும். 16 கோர் உள்ள 9950எக்ஸ்3டி இன்னும் வேகமாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அதில் கூடுதல் கேஷ் இருப்பது பாதி கோர்களுக்குத்தான். வீடியோ எடிட்டிங்கும் செய்கிறவர் வாங்கட்டும்.

கை வைக்கக் கூடாத வரி

கொட்டேஷனில் விலையைக் குறைக்கச் சொன்னால் எல்லோருடைய விரலும் முதலில் போவது மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் மேல்தான். நான் அங்கேதான் பிடிவாதமாக நிற்பேன். 5090 மட்டுமே 575 வாட் இழுக்கக்கூடியது. அதற்கு என்விடியா சொல்வது 1000 வாட் எஸ்எம்பிஎஸ். 12 வோல்ட்டில் 575 வாட் என்றால் ஏறக்குறைய 48 ஆம்பியர், கட்டைவிரல் அகலமுள்ள ஒரு பிளக் வழியாகப் போகிறது. 2022-இல் 4090 வந்த புதிதில் சில கார்டுகளில் இந்த பிளக் உருகியது. முழுதாகச் செருகாமல் விட்டது ஒரு காரணம் என்று அப்போது தெரியவந்தது. பிறகு வந்த 12வி-2எக்ஸ்6 என்ற வடிவத்தில், பிளக் சரியாக உட்காராவிட்டால் கார்டுக்கு மின்சாரம் கிடைக்காதபடி சிறிய பின்களின் நீளத்தைக் குறைத்தார்கள். இருந்தாலும் ஒயரை பிளக்கின் கழுத்திலேயே மடிக்காதீர்கள். அகலம் குறைந்த கேபினட் வாங்கினால் கண்ணாடிக் கதவு அதை அழுத்தி மடித்துவிடும். கார்டின் நீளமும் பெரும்பாலும் 30 சென்டிமீட்டரைத் தாண்டும். டேப் வைத்து அளந்த பிறகே கேபினட்டைத் தேர்ந்தெடுங்கள்.

யுபிஎஸ் வைப்பதாக இருந்தால் ப்யூர் சைன் வேவ் கேளுங்கள். விலை குறைந்தவை கொடுக்கும் படிக்கட்டு அலையில், கரண்டு போன நொடியில் சில எஸ்எம்பிஎஸ் அணைந்தே போகும்.

அப்பா கேட்ட கேள்வி

“கரண்டு பில் எவ்வளவு சார் வரும்?” என்றார் அப்பா. நல்ல கேள்வி. 5090 போட்ட மெஷின் ஆட்டத்தின்போது 750 வாட் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். தினம் நான்கு மணி நேரம் என்றால் 3 யூனிட். இரண்டு மாதத்துக்கு 180 யூனிட். வீட்டு பில்லில் இந்தப் பெட்டி ஒன்றே இத்தனை யூனிட்டைத் தின்றுவிடும். இழுக்கும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் அறைக்குள் இறங்குகிறது. ஒரு டன் ஏசி வெளியேற்றும் சூடு சுமார் 3500 வாட். அதில் ஐந்தில் ஒரு பங்கை கம்ப்யூட்டருக்கே கொடுத்தாக வேண்டும். மே மாதச் சென்னையில் முன்பக்கம் வலை வைத்த, காற்று தாராளமாகப் போகும் கேபினட்தான் சரி. முன்னால் கண்ணாடி மூடியது அழகுக்கு மட்டும்.

மீதி பார்ட்டுகளுக்கு வருவோம். ராம் 32 ஜிபி போதும், டிடிஆர்5-6000, இரண்டு ஸ்டிக்காக. நாலு ஸ்டிக் செருகினால் பெரும்பாலும் வேகத்தைக் குறைக்க வேண்டிவரும். பயாஸில் எக்ஸ்போ என்ற ராம் வேக அமைப்பை ஆன் செய்யாவிட்டால் 6000 என்று காசு கொடுத்து வாங்கியது 4800-இலேயே ஓடிக்கொண்டிருக்கும். 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்களின் தேவையால் ராம் விலை எகிறியதிலிருந்து, ஆடம்பரத்துக்கு 64 ஜிபி போட யாருக்கும் சொல்வதில்லை. எஸ்எஸ்டியில் ஜென்5 நொடிக்கு 14,000 எம்பி வரை போகும், ஜென்4 சுமார் 7,000. கேம் லோடாகும் நேரத்தில் அந்த இரட்டிப்பு தெரியாது. அந்தக் காசுக்கு 2 டிபி ஜென்4 வாங்கலாம். 100 ஜிபியைத் தாண்டும் கேம்கள் இப்போது சகஜம். மதர்போர்டில் ஏஎம்5 சாக்கெட் இருக்க வேண்டும்: 2027 வரையும் அதற்குப் பிறகும் ஆதரவு தருவதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. நடுத்தர பி850 போர்டே இதற்குத் தாராளம்.

தம்பிக்குக் கடைசியில் எழுதிக் கொடுத்தது: 27 இஞ்ச் 1440பி மானிட்டர், ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ, 9800எக்ஸ்3டி, 850 வாட் எஸ்எம்பிஎஸ். முதலில் முகம் கொஞ்சம் வாடியது. அவர் கேட்ட கார்டு ஒன்றின் விலைக்குள்ளேயே பெரும்பகுதி அடங்குவதைக் கூட்டிக் காட்டியதும் அப்பாவைப் பார்த்துத் தலையாட்டினார். கிளம்பும்போது ஒன்று மட்டும் சொன்னேன்: பில்லில் ஒவ்வொரு பார்ட்டின் சீரியல் நம்பரும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அசெம்பிள் செய்த மெஷினுக்கு மொத்தமாக ஒரு வாரண்டி கிடையாது. ஒவ்வொரு பார்ட்டுக்கும் அந்தந்தக் கம்பெனியிடம்தான் போய் நிற்க வேண்டும்.