பிஞ்சு நுரையீரலைத் தாக்குவது எந்த வைரஸ்? தெரியுமா?

நிமோனியா வந்த குழந்தையின் மூக்குச் சளியில் வைரஸை எண்ணிப் பார்க்கிறார்கள்! எப்படித் தெரியுமா?

● கைக்குழந்தைக்குச் சளியைக் காறித் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். அதனால் மெல்லிய பஞ்சுக்குச்சியை மூக்கு வழியே உள்தொண்டைவரை செலுத்தி, மெதுவாகச் சுழற்றி எடுக்கிறார்கள். குச்சியின் நுனியில் ஒட்டியிருப்பதே போதும்!

● மூச்சுப்பாதையைத் தாக்கும் ஆர்.எஸ்.வி., இன்ஃப்ளூயன்ஸா இரண்டும் ஆர்.என்.ஏ. வைரஸ்கள். மரபணுத் துணுக்கைப் பிரதியெடுக்கும் பி.சி.ஆர். கருவி பெருக்குவதோ டி.என்.ஏ.வை! ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றித் தரும் நொதி 1970இல் கண்டறியப்பட்டது. 1975இல் நோபல் பரிசும் வந்தது.

● பி.சி.ஆர். கருவியின் ஒவ்வொரு சுற்றிலும் டி.என்.ஏ. இரட்டிப்பு! ஒரே ஒரு துணுக்கு 30 சுற்றுகளில் 107 கோடியாகப் பெருகிவிடும்!

● ஒவ்வொரு சுற்றிலும் சூடு 95 டிகிரி செல்சியஸைத் தொடும். அதையும் தாங்கி டி.என்.ஏ.வைப் பிரதியெடுக்கும் நொதி, அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் கண்டெடுத்த பாக்டீரியாவின் கொடை!

● சுற்று எண் குறைந்தால் வைரஸ் அதிகம்! டி.என்.ஏ. பெருகப் பெருக, அதனுடன் கலந்த சாயம் ஒளிரும். 20ஆவது சுற்றிலேயே ஒளிர்ந்த மாதிரியில், 30ஆவது சுற்றில் ஒளிர்ந்ததைவிடச் சுமார் 1,000 மடங்கு வைரஸ்!

● சளியில் வைரஸ் இருந்தாலே அதுதான் காரணமா? இல்லை! வங்கதேசம், தாய்லாந்து, காம்பியா, மாலி, கென்யா, ஸாம்பியா, தென்னாப்பிரிக்கா ஆகிய 7 நாடுகளில் நடந்த 'பெர்ச்' ஆய்வு, கடும் நிமோனியாவோடு மருத்துவமனையில் சேர்ந்த 4,232 குழந்தைகளையும், அந்த நோய் இல்லாத 5,119 குழந்தைகளையும் ஒப்பிட்டது. ரைனோ வைரஸ் இரு தரப்பிலும் தாராளமாக இருந்தது!

● அளவாவது காட்டிக்கொடுத்ததா? பெரும்பாலான வைரஸ்களில் இரு தரப்பு அளவுகளும் கலந்தே கிடந்தன. 'இதற்கு மேல் போனால் நிமோனியா' என்று கோடு கிழிக்க முடியவில்லை.

● ஆனால், நோயில்லாத குழந்தைகளிடம் ஆர்.எஸ்.வி. அரிது! ஒப்பிட்டுப் பார்த்ததால்தான் அது பிடிபட்டது. எச்.ஐ.வி. இல்லாத, எக்ஸ்ரேயில் நிமோனியா உறுதியான குழந்தைகளில் சுமார் 31 சதவீதத்துக்கு அதுவே காரணம் என்று 2019இல் முடிவு வெளியானது.

● குற்றவாளி தெரிந்தால் தடுக்கவும் வழி உண்டு! கர்ப்பிணிக்குப் போட்டால் பிறக்கும் குழந்தையைக் காக்கும் ஆர்.எஸ்.வி. தடுப்பூசிக்கு 2023இல் அமெரிக்கா அனுமதி தந்தது. இந்த ஊசி ஏழை நாட்டுத் தாய்மாருக்கும் கிடைத்தாக வேண்டும். ஏனெனில், நிமோனியா அதிகம் பலிகொள்வது அவர்கள் பெற்ற பிள்ளைகளைத்தான்!