நாலு சக்கரமும் இழுக்க ஆசையா?

மழைக்காலத்தில் சித்தூர் மாந்தோப்புச் சேற்றில் பழைய பிக்கப் சிக்கினால், பின்சக்கரம் சும்மா சுழலும். ஃபோர் வீல் டிரைவாக மாற்றும் ஆசை அங்கேதான் பிறக்கிறது. ஆசை புதிதல்ல. அமெரிக்காவில் மார்மன் ஹெரிங்டன் நிறுவனம் 1930களிலேயே ஃபோர்டு லாரிகளை இப்படி மாற்றித் தந்தது.

கியர் பாக்ஸுக்குப் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ், முன்சக்கரங்களையும் சுழற்றும் ஆக்சில், இரண்டையும் இணைக்க ஒரு ஷாஃப்ட். முன், பின் ஆக்சில்களின் பல்விகிதம் ஒத்துப்போகாவிட்டால் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும்.

திருப்பதியிலிருந்து திருமலை ஏற இது தேவையில்லை. காய்ந்த தார்ச்சாலை வளைவில் முன்சக்கரங்கள் கூடுதல் தூரம் ஓட வேண்டும். சாதாரண டிரான்ஸ்ஃபர் கேஸ் அதற்கு விடாது. மலைப்பாதைக்கு வேண்டியது நல்ல பிரேக்கும் சின்ன கியரும்தான்.

பெரிய முட்டுக்கட்டை சட்டம். தயாரிப்பாளர் தந்த வடிவத்துக்கு முரணாக வண்டியை மாற்றக்கூடாது என்று, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவைச் சுட்டி 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சேற்றிலிருந்து மீண்ட வண்டி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சிக்கிக்கொள்ளலாம்.