உறுமும் குரலில் வேதாந்தம்!
சிங்கப்பூர் வாலிபர்களின் முதல் ஆல்பம்

திருநெல்வேலி நெல்லையப்பர் கோவிலில் தாமிர சபை இருக்கிறது. நடராஜர் ஆடிய ஐந்து சபைகளில் இதுவும் ஒன்று. சிதம்பரத்தில் பொன். மதுரையில் வெள்ளி. நெல்லையில் செம்பு. மூன்றும் உலோகம்!

நடராஜருக்கு ருத்ரன் என்றும் ஒரு பெயர் உண்டு. கடல் கடந்த சிங்கப்பூரில் ஓர் இசைக்குழு அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. அவர்கள் வாசிப்பது "ஹெவி மெட்டல்". கன உலோக இசை என்று சொல்லலாம்.

மின்சார கிட்டார் இடி போல முழங்கும். டிரம் ஒரு வினாடிகூட ஓயாது. பாடுகிறவர் பாட மாட்டார், உறுமுவார். முதல் தடவை கேட்பவர் காதைப் பொத்திக்கொள்வார்.

விரல் இழந்த தொழிலாளி

இந்த இசை பிறந்தது இங்கிலாந்தில், பர்மிங்காம் நகரில். உலோகத் தொழிற்சாலைகள் நிறைந்த ஊர் அது. அங்கே டோனி அயோமி என்ற 17 வயது வாலிபர் தகட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். ஒரு நாள் இயந்திரம் அவருடைய வலது கையில் இரண்டு விரல் நுனிகளைத் துண்டித்துவிட்டது. அவர் இடது கைப் பழக்கம் உள்ளவர். கிட்டார் தந்திகளை அழுத்த வேண்டியதே அந்த வலது கை விரல்கள்தான்!

அவர் கிட்டாரை விட்டுவிடவில்லை. பிளாஸ்டிக் புட்டியை உருக்கி, விரலுக்குத் தொப்பி செய்தார். அதன் மேல் தோல் ஒட்டினார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார்.

அவருடைய "பிளாக் சபாத்" குழு 1969-ல் தன் முதல் ஆல்பத்தை ஒரே நாளில் ஒலிப்பதிவு செய்தது. 1970 பிப்ரவரியில் அது விற்பனைக்கு வந்தது. விமர்சகர்கள் திட்டினார்கள். ஜனங்கள் வாங்கினார்கள். ஆனால் "சைத்தான் சங்கீதம்" என்ற பழி மட்டும் இந்த இசையை விட்டுப் போகவில்லை.

முடி வளர்த்தால் அனுமதி இல்லை

சிங்கப்பூரில் வேறொரு தொல்லை. 1970-களில் ஆண்கள் முடி வளர்ப்பது அங்கே அரசாங்கத்துக்குப் பிடிக்காது. நீண்ட முடிக்காரர்களைக் கடைசியில்தான் கவனிப்போம் என்று அலுவலகங்களில் அறிவிப்பு ஒட்டினார்கள். 1972-ல் "லெட் செப்பலின்" என்ற பிரபல ஆங்கிலக் குழு கச்சேரிக்கு வந்தது. அவர்களுக்கு முடி தோளைத் தாண்டியிருந்தது. ஊருக்குள் விடவில்லை. கச்சேரி ரத்து!

அதே சிங்கப்பூரில், 20 ஆண்டுகள் கழித்து, 1992-ல் "ருத்ரா" குழு தோன்றியது. கதிர் பேஸ் கிட்டார் வாசித்துப் பாடுவார். சிவா டிரம் வாசிப்பார். முதல் ஆல்பம் வர ஆறு ஆண்டுகள் ஆயின. 1998-ல் வந்த அந்த ஆல்பத்துக்கும் "ருத்ரா" என்றே பெயர்.

மேல்நாட்டார் சைத்தானைப் பாடினார்கள். இவர்கள் எதைப் பாடுவது? இந்துப் புராணத்தில் அழிக்கிறவனும் ஆண்டவனே. ஆகவே இவர்கள் வேதாந்தத்தைப் பிடித்துக்கொண்டார்கள். பாட்டு ஆங்கிலம், நடுவில் வடமொழி மந்திரம். பின்னால் 2003-ல் "குருக்ஷேத்ரா", 2005-ல் "பிரம்மவித்யா" என்று ஆல்பங்கள் வந்தன. "வேத மெட்டல்" என்று இதற்குத் தனிப் பெயரே உண்டாகிவிட்டது.

சாமி பெயரைச் சொல்லி உறுமலாமா?

தாமிரபரணிக் கரையில் சுடலைமாடன் கொடை பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி விசித்திரமாக இருக்கும். நள்ளிரவு. கணியான் கூத்து நடக்கிறது. மகுடத்தைத் தீயில் காய்ச்சி அடிக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. சாமியாடி சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் புறப்படுகிறார். குழந்தைகள் தாயின் முந்தானையைப் பிடித்துக்கொள்கிறார்கள். அதை இரைச்சல் என்று யாரும் சொல்வதில்லை. அருள் வந்திருக்கிறது என்கிறார்கள்.

ஒரு குறை உண்டு. கூத்தில் கதை பாட்டிக்கும் புரியும். உறுமலில் வேதாந்தம் புரிவது கஷ்டம். ஆங்கிலம் படித்தவர்களுக்கே கையில் பாட்டு வரிகள் வேண்டும்.

கேட்க நினைக்கும் பெரியவர்கள் முதலில் ஒலியைக் குறைத்து வைத்துக்கொள்வது நல்லது. பேரப்பிள்ளைகள் பிறகு கூட்டிவிடுவார்கள்!