கடிதத்தைத் திறவுங்கள்: வேலையிழப்பும் நோயும் மேன்முறையீடும்

இந்தப் பக்கத்தில் வழக்கமாகச் சீனி வியாதி, பிரஷர், கொலஸ்ட்ரோல் என்றுதான் எழுதி வருகிறேன். இம்முறை இரத்தப் பரிசோதனையில் அகப்படாத ஒரு விடயம். வேலை போனவர், வேலை செய்ய முடியாதபடி உடம்பு போனவர், இவர்களுக்கு வரும் கடிதங்கள். நித்திரை வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது என்று எங்களவர்கள் என்னிடம் வரும்போது, பல தடவைகளில் விசாரித்துப் பார்த்தால் எங்கோ திறக்கப்படாத ஒரு கடிதம் இருக்கும்.

முதலில் இரண்டு பணப்பைகளைப் பிரித்து அறிந்துகொள்ளுங்கள். எங்கள் வீடுகளில் எல்லாவற்றையும் சேர்த்து “சோசியல் காசு” என்று சொல்லிவிடுகிறோம். அங்கேதான் குழப்பம் தொடங்குகிறது.

ஆ-காசே தருவது வேலையின்மைப் படி, அதாவது டௌபெங்க. இது பிச்சையுமல்ல, கொம்யூனின் உதவியுமல்ல. நீங்கள் மாதாமாதம் சந்தா கட்டிய காப்புறுதி. ஒரு வருடமாவது அங்கத்தவராக இருந்து, குறித்த அளவு வருமானமும் உழைத்திருக்க வேண்டும். முன்னைய சம்பளத்தின் 90 வீதம் வரை தருவார்கள், ஆனால் அதற்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. முன்பு நான்கு வருடங்களாக இருந்த இந்த உரிமை, 2010ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் இரண்டு வருடங்களாகப் பாதியானது. 2013இல் பல்லாயிரக் கணக்கானோர் திடீரென்று படியை இழந்தது அதனால்தான். 2017இல் ஒரு தளர்வு வந்தது. இடையில் கிடைக்கும் சிறு வேலைகளின் ஒவ்வொரு மணித்தியாலமும், இரண்டு மணித்தியாலமாகக் கணக்கிடப்பட்டு உங்கள் படிக்காலத்தை நீட்ட உதவும். ஆகவே நான்கு நாள் வேலைதானே என்று தட்டிக்கழிக்க வேண்டாம்.

மற்றப் பை நோய்க்காலப் படி. வேலையில் இருப்பவருக்குப் பொதுவாக முதல் 30 நாட்கள் முதலாளியும் பிறகு கொம்யூனும் பொறுப்பு. ஒன்றுக்கு நீங்கள் “வேலைக்குத் தயார்” என்று சொல்ல வேண்டும். மற்றதற்கு “வேலை செய்ய முடியாது” என்று சொல்ல வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நிற்பவர் பாடுதான் ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால்.

எங்கள் சனங்களில் நான் அதிகம் காண்பது இதைத்தான். துப்புரவு வேலையிலும் தொழிற்சாலைகளிலும் இருபது, முப்பது வருடங்கள் நின்றவர்களுக்கு நாரி நோவும் தோள்மூட்டு நோவும் வருகின்றன. அடிக்கடி லீவு எடுக்க வெட்கம். “அவங்களுக்கும் கரைச்சல், எனக்கும் கரைச்சல்” என்று தாங்களாகவே எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். தானாக வேலையை விட்டவருக்கு ஆ-காசே மூன்று வாரம் படியை நிறுத்தும். உடல்நிலைதான் காரணம் என்றால் அந்தத் தண்டனையைத் தவிர்க்க வழியுண்டு, ஆனால் அதற்கு வைத்தியச் சான்று வேண்டும். விலகிச் சில மாதங்கள் கழித்து வந்து “அப்போதே நோ இருந்தது என்று எழுதித் தாருங்கள்” என்று கேட்டால், குறிப்பேட்டில் இல்லாததை எந்த வைத்தியரும் எழுத முடியாது. ஆகவே விலகும் முன்பே வைத்தியரிடம் வாருங்கள். தொழிற்சங்கத்துடனும் ஆ-காசேயுடனும் பேசுங்கள். அதன் பிறகு கையெழுத்திடுங்கள்.

வேலை தேடும் காலத்தில் காய்ச்சல் வந்தாலும் அது ஒரு அறிவித்தலுக்குரிய விடயம். முதல் நாளே ஜொப்நெட்டில் சுகவீனம் என்று பதிய வேண்டும். முதல் 14 நாட்களுக்குப் பொதுவாக ஆ-காசே படியைத் தொடரும். அதற்கு மேல் நீடித்தால் கொம்யூனின் பை திறக்கும். சுகம் வந்ததும் அதையும் பதிய வேண்டும். இதை மறப்பவர்கள்தான் அதிகம், பிறகு பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வரும்.

இனி என் துறைக்கு வருகிறேன். “டொக்டர் லீவு தந்தால் போதும்தானே” என்று பலர் நினைக்கிறார்கள். ஊரில் அப்படி இருந்திருக்கலாம். இங்கே முடிவெடுப்பது கொம்யூன். வைத்தியர் எழுதுவது ஒரு தகவல் மட்டுமே. 2014 ஜூலையில் வந்த சட்டத்தின்படி 22 வாரங்கள் ஆனதும் உங்கள் படி தொடர வேண்டுமா என்று மறுபரிசீலனை செய்வார்கள். அப்போது அவர்கள் தேடுவது நோயின் பெயரை அல்ல, நீங்கள் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்பதைத்தான்.

எங்களவர் எப்படிச் சொல்கிறார்கள்? வைத்தியர் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் மரியாதைக்காக “நல்லாய் இருக்கிறன்” என்கிறார்கள். அது அப்படியே குறிப்பேட்டில் பதிவாகும். ஆறு மாதம் கழித்துக் கொம்யூன் அதை வாசிக்கும். அல்லது “உடம்பெல்லாம் நோ” என்கிறார்கள். அதை வைத்தும் எதுவும் எழுத முடியாது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: இருபது நிமிடத்துக்கு மேல் நிற்க முடியவில்லை. வலது கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. இரவில் மூன்று தடவை எழும்புகிறேன். பால் பெட்டியைத் தூக்கினால் அடுத்த நாள் படுக்கைதான். கூட்டியும் சொல்ல வேண்டாம், குறைத்தும் சொல்ல வேண்டாம். மனநோவையும் சொல்லுங்கள். சிறையையோ ஷெல்லடியையோ கண்டவர்கள் முப்பது வருடம் கழித்தும் அதைக் கனவில் காண்கிறார்கள். வேலை இருந்தவரை அது அடங்கிக் கிடந்து, வேலை போனதும் தலை தூக்குவதை நான் அடிக்கடி காண்கிறேன்.

மகனையோ மகளையோ மொழிபெயர்க்கக் கூட்டி வராதீர்கள். பிள்ளைக்கு முன்னால் எந்தத் தகப்பன் தன் பயத்தைச் சொல்வான்? 2018 ஜூலையில் மூன்று வருடங்களுக்கு மேல் இங்கு வாழ்ந்தவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் கட்டணம் கொண்டுவரப்பட்டது. அது எங்கள் முதியவர்களைத்தான் அதிகம் தாக்கியது என்பது என் கருத்து. விதிவிலக்குகளும் உண்டு. உங்களுக்கு என்ன பொருந்தும் என்று நேரம் குறிக்கும்போதே கேளுங்கள்.

கடிதங்களுக்கு வருவோம். 2014 நவம்பரிலிருந்து அரச கடிதங்கள் டிஜிட்டல் போஸ்டில்தான் வருகின்றன. சட்டத்தின் பார்வையில், கடிதம் உங்கள் பெட்டிக்குள் விழுந்த நாளே உங்களுக்குக் கிடைத்த நாள். திறந்தீர்களா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. அரச முத்திரை வைத்த கடிதம் என்றாலே நெஞ்சு பதைக்கும் ஊரிலிருந்து வந்தவர்கள் நாங்கள். அந்தப் பதைப்பை நான் குறைத்து எண்ணவில்லை. ஆனால் நேரம் ஓடிக்கொண்டிருக்கும். திறக்கப் பயமென்றால், நம்பிக்கையான ஒருவருக்கு உங்கள் டிஜிட்டல் போஸ்டை வாசிக்கும் அனுமதி கொடுக்கலாம். இது சட்டப்படி உள்ள வசதி. மிட்ஐடியை அடுத்தவர் கையில் கொடுப்பதை விட ஆயிரம் மடங்கு நல்லது.

“உங்கள் நோய்க்காலப் படி நிறுத்தப்படுகிறது” என்ற கடிதம் வந்தால் இரண்டு வேலைகளை ஒன்றாகச் செய்ய வேண்டும். ஒன்று முறைப்பாடு. அதற்குப் பொதுவாக நான்கு வாரம் அவகாசம். முறைப்பாட்டைக் கொம்யூனிடமே கொடுக்கிறீர்கள். அவர்கள் முதலில் தங்கள் முடிவைத் தாங்களே திரும்பப் பார்க்க வேண்டும். மாற்றாவிட்டால் அது அங்கஸ்டூரெல்சன் என்னும் மேன்முறையீட்டுச் சபைக்குப் போகும். அழகான டெனிஷ் தேவையில்லை. “இந்த முடிவை நான் ஏற்கவில்லை” என்று திகதியுடன் இரண்டு வரி போதும், வாயால் சொன்னாலும் பதிய வேண்டியது அவர்கள் கடமை. காரணங்களையும் சான்றுகளையும் பிறகு அனுப்பலாம். உங்கள் கோவையைப் பார்க்கக் கேட்கும் உரிமையும், சந்திப்புக்கு ஒருவரைத் துணைக்குக் கூட்டிச் செல்லும் உரிமையும் உண்டு. ஆ-காசேயின் முடிவுக்கும் இதே போல மேன்முறையீடு உண்டு. எங்கே அனுப்புவது என்பது அந்தக் கடிதத்தின் கடைசியில் இருக்கும். நாங்கள் வாசிக்காமல் விடும் பகுதியும் அதுதான்.

இரண்டாவது வேலை, முடிவு வரும் வரை வெறுங்கையுடன் இருக்காமல் பார்ப்பது. முறைப்பாடு செய்தால் படி தொடரும் என்று எண்ண வேண்டாம், பெரும்பாலும் தொடராது. ஆகவே அன்றே ஆ-காசேக்குத் தொலைபேசி எடுங்கள். கொம்யூன் என்னைச் சுகமானவர் என்று முடிவு செய்துள்ளது, நான் முறைப்பாடு செய்கிறேன், என் உடல்நிலை இடம் தரும் வேலைக்கு ஆயத்தமாக இருக்கிறேன் என்று சொல்லி, ஜொப்நெட்டில் எப்படிப் பதிவது என்று கேட்டுச் செய்யுங்கள். “எனக்கு ஏலாது” என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டில் இருந்தால் இரண்டு பைகளும் மூடிவிடும்.

முறைப்பாடு என்றதும் “சோறு போட்ட நாட்டோடு சண்டை பிடிப்பதா” என்று கேட்கிறார்கள். 1987இலும் 1988இலும் எங்கள் அகதிகளின் குடும்ப இணைவு விண்ணப்பங்களை நீதியமைச்சர் எரிக் நின்-ஹான்சன் சட்டத்துக்கு மாறாகக் கிடப்பில் போட வைத்தார். மனைவி பிள்ளைகள் போருக்குள் நிற்க, இங்கே காத்திருந்தவர்கள் எங்கள் மத்தியில் இன்றும் இருக்கிறார்கள். விடயம் நாடாளுமன்ற ஓம்புட்ஸ்மனிடம் போனது. 1989 மார்ச்சில் அவர் அமைச்சைக் கண்டித்தார். பிறகு நடந்த விசாரணையின் அறிக்கை 1993 ஜனவரியில் வந்தபோது பிரதமர் போல் ஸ்லூட்டரின் அரசு பதவி விலகியது. 1995இல் நின்-ஹான்சனுக்கு நான்கு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை. டெனிஷ் பாடப்புத்தகங்களில் “தமிழர் வழக்கு” என்று இருப்பது இதுதான். முறைப்பாடு செய்வது இந்த நாட்டின் நடைமுறைக்குள் அடங்கிய ஒன்று.

உடம்பையும் விட்டுவிடாதீர்கள். 1930களின் தொடக்கத்தில் ஒஸ்திரியாவின் மரியென்தால் கிராமத்தில் நெசவாலை மூடப்பட்டபோது ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தார்கள். நேரம் நிறைய இருந்தும் மக்கள் நூலகத்துக்குப் போவது குறைந்திருந்தது. ஆண்கள் தெருவில் நடக்கும் வேகமே குறைந்திருந்தது. வேலை போன எங்களவரிடமும் இதைக் காண்கிறேன். இரவு இரண்டு மணி வரை ஐபிரிவி, பகலில் நித்திரை, பசிக்காமலே சாப்பாடு, மூன்று மாதத்தில் சீனி ஏறிவிடும். எழும்பும் நேரத்தை மாற்றாதீர்கள். காலையில் அரை மணி வெளியே நடவுங்கள். மாத்திரையைக் காசுக்காக நிறுத்தாதீர்கள், முடியவில்லை என்றால் சொல்லுங்கள். உயிரை விடும் எண்ணம் வந்தால் விடியும் வரை காத்திருக்க வேண்டாம். லிவ்ஸ்லினியன் என்ற உதவித் தொலைபேசி 70 201 201, உயிராபத்தென்றால் 112.

வைத்தியரிடம் கடிதத்தோடு வருவதென்றால் நேரம் குறிக்கும்போதே “கொம்யூன் விடயம், நீண்ட நேரம் வேண்டும்” என்று சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் நாரியையும் பார்த்துக் கடிதத்தையும் வாசிக்க எங்களால் முடியாது. கடிதத்தை முழுவதுமாக, கடைசிப் பக்கத்தோடு கொண்டு வாருங்கள்.