கறிவேப்பிலை திரும்பி வந்தது!



நான் திருவான்மியூரில் இருபத்தெட்டு வருஷமாகக் குடியிருக்கும் இல்லத்தரசி. 'கட்டட வேலையைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும்?' என்று நினைக்காதீர்கள். ஒரே அறையை இரண்டு தடவை கட்டியவள் நான்! நான் பட்டது நீங்கள் படக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

என் மகன் மிருதங்கக் கலைஞன். 2020-ல் ஊரடங்கு வந்து கச்சேரிகள் நின்றபோது, அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தான். நமக்கு விடியற்காலை ஐந்தரை என்றால் அங்கே முதல் நாள் ராத்திரி எட்டு மணி. நாங்கள் கோலம் போடும் நேரத்தில் அவன் 'தா தீ தொம் நம்' சொல்லிக்கொண்டிருப்பான். குடும்பம் ஓடியது அந்த வருமானத்தில்தான்.

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு காம்பவுண்டு சுவர். அந்த வீட்டு அக்கா அந்தச் சுவர் மேலேதான் தினமும் ஒரு கொத்து கறிவேப்பிலை வைப்பார். நான் பதிலுக்கு முருங்கைக்காய் வைப்பேன். 2022-ல் அவர் கணவருக்கு இதய ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு வந்தார். ராத்திரி தூக்கம் வராமல், விடியற்காலையில்தான் கொஞ்சம் கண் அசருவாராம். அக்கா எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் கறிவேப்பிலை நின்றுவிட்டது. பத்து நாள் கழித்து நானே போய்க் கேட்டேன். "என்னத்தைச் சொல்றது? உன் பிள்ளை பொழப்பாச்சே" என்றார். சண்டை போட்டிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

தோட்டத்தில் தனியாக ஓர் அறை கட்டிவிடலாம் என்று முடிவு செய்தோம். ஏ.ஆர். ரஹ்மான்கூட கோடம்பாக்கம் வீட்டின் பின்புறம் ஸ்டுடியோ கட்டித்தானே ஆரம்பித்தார், நாம் ஒரு சின்ன அறை கட்ட முடியாதா என்று எனக்கு ஒரு தைரியம். துவைக்கிற கல்லை எடுத்துவிட்டு, கிணற்றோரமாகப் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் கட்டினோம். "காம்பவுண்டு சுவரையே நாலாவது சுவரா வச்சுக்கலாம்மா, செங்கல் மிச்சம்" என்றார் மேஸ்திரி. நானும் தலையாட்டினேன். மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். உள்ளே சுவர் முழுக்க முட்டை அட்டை! சைவக் குடும்பம் நாங்கள். நான் முட்டைக் கடை வாசலில் நின்று அட்டை கேட்டதைப் பார்த்து மாமியார் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பலன்? சத்தம் முன்னைவிட அதிகம். மிருதங்கத்தின் இடந்தலையில் 'தொம்' என்று விழுந்தால், அந்த அதிர்வு அதே சுவர் வழியாக நேராக அக்கா வீட்டுப் பக்கம் போனது.

பிறகு இந்தத் துறையில் படித்த உறவுக்காரப் பையன் ஒருவன் வந்து பார்த்தான். எனக்குப் புரியட்டும் என்று சமையலறை பாஷையிலேயே சொன்னான். "அத்தே, சிந்தின தண்ணியை ஸ்பான்ஜ் உறிஞ்சும். ஆனா ஸ்பான்ஜால பாத்திரம் செய்ய முடியுமா? முட்டை அட்டை, ஃபோம், தெர்மோகோல் எதுவும் சத்தத்தை வெளியே போகாம நிறுத்தாது. ஃபோம் உள்ளே எதிரொலியைக் குறைக்கும், அவ்வளவுதான். தீப்பிடிச்சா இதெல்லாம் பெரிய ஆபத்து." அன்றைக்கே எல்லாவற்றையும் பிய்த்துப் போட்டோம்.

அவன் சொல்லித்தந்தது நாலே விஷயம். குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, கனம். சத்தத்தைத் தடுப்பது எடைதான். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரும், மேலே கான்கிரீட் தளமும் வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் தகரமும் உதவாது.

இரண்டு, இடைவெளி. உள்சுவரும் வெளிச்சுவரும் ஒன்றையொன்று தொடக்கூடாது. அறைக்குள் அறை மாதிரி, வெளிச்சுவரிலிருந்து நாலு அங்குலம் தள்ளித் தனிச் சட்டம் அடித்து, ஜிப்சம் போர்டை இரண்டு அடுக்காகப் பொருத்தினோம். உள்கூரையும் அந்தச் சட்டத்தின் மேலேயே உட்கார்ந்தது. மேல்தளத்திலிருந்து தொங்கவிடவில்லை. தரையில் ரப்பர் ஷீட், அதன் மேல் கனமான பிளைவுட், அதன் மேல் ஜமக்காளம்.

மூன்று, உறிஞ்சுவது. அந்த நாலு அங்குல இடைவெளியில் ராக்வுல் வைத்தோம். அதைக் கையாளும்போது கையுறையும் முகமூடியும் அவசியம். இல்லாவிட்டால் அரிப்பு பிடுங்கிவிடும்.

நாலு, ஓட்டை அடைப்பது. இதுதான் முக்கியம். குக்கர் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் காஸ்கெட் கிழிந்தால் ஆவி நிற்குமா? சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே போதும், மீதிச் சுவர் மலை மாதிரி இருந்தாலும் 20 டெசிபெலுக்கு மேல் சத்தம் குறையாதாம்! அதனால் கனமான மரக் கதவு இரண்டு, ஒன்றன் பின் ஒன்றாக, சுற்றிலும் ரப்பர் பீடிங்கோடு போட்டோம். ஜன்னலுக்கு வெவ்வேறு கனத்தில் இரண்டு கண்ணாடி. ஒயர் போகும் துளை, ஏ.சி. பைப் துளை எல்லாவற்றையும் நானே உட்கார்ந்து அடைத்தேன்.

அப்படி அடைத்தால் மூச்சு முட்டாதா என்பீர்கள். ஸ்பிளிட் ஏ.சி. அறைக் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர வைக்கும், புதுக் காற்றைக் கொண்டுவராது. அதற்காக, உள்ளே பஞ்சுப் பட்டை ஒட்டி, வளைந்து வளைந்து போகும் மரப்பெட்டி ஒன்று செய்து அதன் வழியே காற்று விட்டோம். காற்று வளைந்து வரும். சத்தம் அந்த வளைவுகளில் மோதி அடங்கிவிடும். எங்களுடையது கடலோர ஊர். ஈரக்காற்று தேங்கினால் பூஞ்சை பிடிக்கும், மிருதங்கத் தோலும் தொய்ந்துபோகும்.

எங்கள் பகுதியில்தான் கலாக்ஷேத்ரா இருக்கிறது. 1936-ல் ருக்மிணி தேவி அருண்டேல் அடையாறில் தொடங்கி, பிற்பாடு திருவான்மியூருக்கு வந்த நிறுவனம். பரந்த தோப்புக்குள் தள்ளித் தள்ளிக் குடில்கள் போட்டிருப்பார்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் 6 டெசிபெல் குறையும் என்கிறார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு அந்தத் தூரத்துக்கு எங்கே போவது? சுவரால்தான் ஈடுகட்ட வேண்டும்.

சட்டமும் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபெல்தான் அளவு. இரவு பத்து முதல் காலை ஆறு வரை இரவுக் கணக்கு. அப்படியானால் என் மகனின் ஐந்தரை மணிப் பாடமும் இரவில்தான் சேர்த்தி! அக்கா நினைத்திருந்தால் புகார் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

முதல் அறையை இடித்துவிட்டு, காம்பவுண்டிலிருந்து ஐந்தடி தள்ளி 2023-ல் மறுபடி கட்டினோம். (கட்டுவதற்கு முன் அனுமதி, ஓரத்தில் விடவேண்டிய இடம் எல்லாவற்றையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.) முதல் தடவை மிச்சம் பிடித்தது ஒரு சுவரின் செங்கல். இரண்டாம் தடவை போனது என் இரண்டு வளையல்.

வேலை முடிந்த மறுநாள் விடியற்காலை மகனை வாசிக்கச் சொல்லிவிட்டு, அக்காவிடம் கேட்டுக்கொண்டு அவர்கள் படுக்கையறை ஜன்னல் ஓரம் போய் நின்றேன். மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. அந்த அண்ணன் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஒரு வாரம் கழித்து அண்ணனே மதிலோரம் வந்தார். "என்னம்மா, தம்பி இப்ப வாசிக்கிறதே இல்லையா?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மட்டும் அந்தக் கதவைத் திறந்து வைக்கச் சொல்லும்மா. சும்மா படுத்திருக்கேன், கேட்டுக்கிட்டாவது இருப்பேன்" என்றார்.

இப்போது ஞாயிறுதோறும் சாயங்காலம் இரண்டு கதவையும் திறந்து வைக்கிறோம். திங்கட்கிழமை காலையில் மதில் மேல் ஒரு கொத்து கறிவேப்பிலை இருக்கிறது.

சகோதரிகளே, வீட்டில் பிள்ளைகள் பாட்டு, வாத்தியம் என்று ஆரம்பித்தால், செங்கல் வாங்குவதற்கு முன்னால் பக்கத்து வீட்டுக்குப் போய் 'உங்கள் படுக்கையறை எந்தப் பக்கம்?' என்று கேட்டுவிட்டு வாருங்கள். நான் அதைத்தான் கடைசியில் கேட்டேன்.

- ஒரு வாசகி, திருவான்மியூர்.